செயற்கைப் பட்டு: வளர்ச்சியும் அதன் விலையும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓணத்திற்கு முந்தைய வாரங்களில் நடந்து செல்பவர்கள், துணிக்கடைகளின் முகப்பில் அடுக்கடுக்காகத் தொங்கும் பளபளப்பான சேலைகளையும், பெண் குழந்தைகளுக்கான பாவாடைத் துணிகளையும் காணலாம். சற்று உள்ளே சென்றால் திரைச்சீலைகளும் மெத்தை உறைகளும் திண்டு உறைகளும் அதே பளபளப்புடன் குவிந்திருக்கும். இவற்றில் பலவற்றை விற்பவர் "சில்க்" என்றே கூறுவார். வாங்குபவரும் அவ்வாறே கூறி வாங்கிச் செல்வார். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கும் பட்டுப்புழுவிற்கும் எவ்வித உறவும் இல்லை. சில மரக்கூழிலிருந்து பிறந்தவை. வேறு சில பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை.

இதனை ஏமாற்று என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது சரியன்று. செல்வர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒரு மென்மையையும் மினுமினுப்பையும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது செயற்கைப் பட்டு. ஆனால் கடையில் நாம் கொடுக்கும் விலை மட்டுமே அதன் முழு விலை அன்று. மீதி விலையை ஆறுகளும் காடுகளும் ஆலைத் தொழிலாளர்களும் கைத்தறி நெசவாளர்களும் செலுத்தியிருக்கிறார்கள். இந்தியாவில் ரேயான் தொழில் தொடங்கிய இடங்களுள் ஒன்றான கேரளத்தின் அனுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

மாற்றுத் தேடிய கதை

பட்டுப்புழு தன் வாயிலிருந்து பசை போன்ற ஒரு திரவத்தை வெளியிட்டு இழையாக்குகிறது. மனிதனும் அவ்வாறு ஒரு பசையை இழையாக்க முடியாதா என்ற எண்ணத்தை இங்கிலாந்து அறிவியலறிஞர் ராபர்ட் ஹூக் 1665-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அது செயல்வடிவம் பெற இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரான்சில் இலேர் த சார்தொனே என்பவர் 1884-இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1889-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவருடைய இழையினால் நெய்த துணிகள் மக்களை வியக்க வைத்தன. ஆனால் தொடக்கத்தில் அத்துணி எளிதில் தீப்பற்றும் தன்மையுடையதாக இருந்தது.

நிலைத்து நின்றது வேறொரு முறை. கிராஸ், பெவன், பீடில் என்னும் மூன்று ஆங்கில வேதியியலாளர்கள் 1892-இல் கண்டறிந்த விஸ்கோஸ் முறையே அது. அந்த உரிமையை 1904-இல் விலைக்கு வாங்கிய கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் கோவென்ட்ரி நகரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1924-இல் அமெரிக்க வணிகர்கள் "செயற்கை" என்ற ஒட்டுச் சொல்லைக் கைவிட்டு, "ரேயான்" என்ற புதுப் பெயரை ஏற்றுக்கொண்டனர். 1930-களில் ஜப்பான் இத்துறையில் உலகின் முன்னணிக்கு வந்தது. அந்நாட்டின் மலிவான ரேயான் நூலும் துணியும் இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கின. இறக்குமதி நூலைக் கொண்டு சூரத், அமிர்தசரஸ் முதலிய இடங்களில் தறிகள் ஓடின. நூலுக்கு வெளிநாட்டையே நம்பியிருந்த இந்த நிலை, நம் நாட்டிலேயே ரேயான் ஆலைகள் அமைய வேண்டும் என்ற கருத்துக்கு வலுவூட்டியது.

மரம் நூலாகும் விதம்

ரேயான் உற்பத்தியின் அடிப்படை எளிதானது. மரம், மூங்கில், பருத்திக் கழிவு ஆகியவற்றில் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் உள்ளது. இதனைத் தூய கூழாக்கி, அட்டைகளாக உலர்த்திக்கொள்கின்றனர். இந்த அட்டைகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, துருவலாகச் சிதைத்துச் சில காலம் பதப்படுத்துகின்றனர். பிறகு கார்பன் டை சல்பைடு என்னும் திரவத்துடன் சேர்க்கும்போது ஆரஞ்சு நிறமுள்ள பொருள் ஒன்று உருவாகிறது. அதனை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன் போன்ற பிசுபிசுப்பான கரைசல் கிடைக்கிறது. இதுவே விஸ்கோஸ்.

இக்கரைசலை வடிகட்டி, முடியிழை போன்ற நுண்துளைகள் கொண்ட உலோக மூடிகளின் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்துகின்றனர். அமிலம் பட்டவுடன் கரைசல் மீண்டும் செல்லுலோஸாக இறுகி இழையாகிறது. துளைகளுக்குப் பதிலாக நீண்ட பிளவின் வழியே செலுத்தினால் அதே கரைசல் கண்ணாடித்தாளாக வெளிவரும். தொடர்ச்சியான இழையாக வருவதே செயற்கைப் பட்டு நூல். இழையைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பஞ்சு போலாக்கி நூற்றால் அது பருத்தியுடன் கலக்க ஏற்ற விஸ்கோஸ் பஞ்சிழையாகிறது.

இழையின் மினுமினுப்பு மிகையாக இருந்தால் அதனைக் குறைக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடியைக் கரைசலில் சிறிதளவு சேர்ப்பதுண்டு. இதற்குப் பயன்படும் "அனட்டேஸ்" வகைப் பொடியைத் திருவனந்தபுரம் கொச்சுவேளியில் 1946-இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிலகம் கடற்கரை மணலிலிருந்து கிடைக்கும் இல்மனைட்டைக் கொண்டு தயாரித்து வந்திருக்கிறது.

பெரியாற்றங்கரையில் ஓர் ஆலை

சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த 1936 முதல் 1947 வரையான காலத்தில் திருவிதாங்கூர் அரசு பெருந்தொழில்களை அழைத்து வந்து நிறுவுவதில் முனைப்புக் காட்டியது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. மலிவான மின்சாரமும் வற்றாத ஆற்றுநீரும் உரம், அலுமினியம், இரசாயனம் போன்ற தொழில்களைப் பெரியாற்றுப் படுகைக்கு ஈர்த்தன.

அவ்வரிசையில் 1946-இல் பெரும்பாவூரை அடுத்து நிறுவப்பட்டதே திருவிதாங்கூர் ரேயான்ஸ் தொழிலகம். இதனை நிறுவியவர் செட்டிநாட்டைச் சேர்ந்த எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்தவரும் இவரே. 1950-இல் இங்கு உற்பத்தி தொடங்கியது. இந்தியாவின் முதல் ரேயான் ஆலை என்ற பெருமை இதற்கு உண்டு. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு ரேயான்புரம் என்றே பெயர் நிலைத்தது. செயற்கைப் பட்டு நூலுடன் கண்ணாடித்தாளும் இங்கு உற்பத்தி செய்யப்பட்டது. 1954-இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் செட்டியார் உயிரிழந்தது இத்தொழிலுக்குப் பேரிழப்பாயிற்று.

இதே காலக்கட்டத்தில் நாட்டின் பிற பகுதிகளிலும் ஆலைகள் எழுந்தன. பம்பாயை அடுத்த கல்யாணில் நேஷனல் ரேயான், நாக்தாவில் குவாலியர் ரேயான்ஸ், வேராவலில் இந்தியன் ரேயான், நம் கோவை மாவட்டத்துச் சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆகியன குறிப்பிடத்தக்கவை. பட்டு, செயற்கைப் பட்டு ஆலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கமான "சாஸ்மிரா" 1950-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. நூலுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு, இரண்டே பத்தாண்டுகளில் தன் தேவையின் பெரும்பகுதியைத் தானே நிறைவு செய்துகொள்ளும் திறன் பெற்றது. இது சிறிய சாதனை அன்று.

உடையிலும் இல்லத்திலும்

செயற்கைப் பட்டு இவ்வளவு விரைவாகப் பரவக் காரணங்கள் பல. பட்டைப் போல் அது வழுவழுப்பானது. சாயத்தை நன்கு ஏற்கும். துணி மடிந்து விழும் அழகு அதற்கு உண்டு. அது மரத்திலிருந்து வந்ததாகையால் பருத்தியைப் போல் வியர்வையை உறிஞ்சும். திருவனந்தபுரம் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரத்தில் இது பெரிய வசதி. விலையோ அசல் பட்டின் விலையில் ஒரு சிறு பகுதியே. மகளின் திருமணத்திற்கு ஒரு பட்டுச் சேலை வாங்க மட்டுமே வழியுள்ள குடும்பம், மற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் செயற்கைப் பட்டு வாங்கி மகிழ முடிந்தது. வருமானம் சற்றே உயரும்போது மக்கள் முதலில் நாடும் பொருள்களுள் இதுவும் ஒன்றானது.

குறைகளும் உண்டு. நனைந்தால் ரேயானின் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும், அடித்துத் துவைத்தால் நைந்துபோகும், எளிதில் கசங்கும். இக்குறைகள் நீங்கிய நைலானும் பாலியெஸ்டரும் 1960-களில் இந்தியச் சந்தையில் இடம் பிடித்தன. 1970-களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற மலையாளிகள் விடுமுறையில் கொண்டு வந்த பெட்டிகளில் ஜப்பானிய நைலான், பாலியெஸ்டர் துணிகள் தவறாமல் இருந்தன. அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த புது வீடுகளில் மரக்கதவு கொண்ட சிறு சன்னல்களின் இடத்தைப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் பிடித்தன. கண்ணாடிச் சன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும். புதிய சோபாவுக்கு உறை வேண்டும். இவ்வாறு உடைக்கு வந்த செயற்கை இழை இல்லத்தின் அலங்காரப் பொருளாகவும் ஆயிற்று.

இன்று "ஆர்ட் சில்க்" என்று விற்கப்படும் துணிகளில் பெரும்பகுதி ரேயானே அன்று, பாலியெஸ்டர். பெயர் மட்டும் பழையது, பொருள் மாறிவிட்டது. பாலியெஸ்டர் கசங்காது, நீடித்து உழைக்கும், மலிவானது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, மண்ணில் மக்காது.

சாலியாறு சொல்லும் பாடம்

கடையில் செலுத்தப்படாத விலையைப் பற்றி இனிக் காண்போம். பொருளாதார நூல்கள் இதனைப் புறச்செலவு என்று குறிப்பிடும். உற்பத்தியாளரும் வாங்குபவரும் ஏற்காமல், அவ்வணிகத்தில் தொடர்பே இல்லாத மூன்றாமவர் தலையில் விழும் செலவு அது.

கோழிக்கோட்டை அடுத்த மாவூரில் சாலியாற்றின் கரையில் குவாலியர் ரேயான்ஸ் நிறுவனத்தின் கூழ் ஆலை 1963-இல் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் இழை ஆலையும் சேர்ந்தது. தொழில் வளம் குன்றிய மலபார் பகுதிக்கு ஆயிரக்கணக்கான வேலைவாய்ப்புகள் கிடைத்தன. ஆலையை ஈர்ப்பதற்காக அரசு அளித்த சலுகைகளுள் முக்கியமானது மூங்கில். டன் ஒன்றுக்கு 1 ரூபாய் என்ற விலையில் காட்டு மூங்கிலை வெட்டிக்கொள்ள உரிமை தரப்பட்டது. அதே மூங்கிலைக் கூடை முடையும் ஏழைத் தொழிலாளர்கள் சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு பொருளுக்கு அதன் உண்மை மதிப்பைவிட மிகக் குறைந்த விலை குறித்தால் அது வீணாகச் செலவழியும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். மூங்கில் காடுகள் அருகின.

ஆலையின் கழிவுநீர் ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. வாழக்காடு முதலிய கரையோர ஊர்களின் மக்கள் குடிநீருக்கும் குளிப்பதற்கும் அந்த ஆற்றையே நம்பியிருந்தவர்கள். 1960-களிலேயே தொடங்கிய அவர்களது போராட்டம், இந்தியாவில் ஆற்று மாசுக்கு எதிராக எழுந்த முதல் மக்கள் இயக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நாடாளுமன்றம் 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றிய பின்னரும் நிலைமை போதிய அளவு சீர்ப்படவில்லை.

1985-இல் தொழில் தகராற்றினால் ஆலை மூடப்பட்டது. மூன்று ஆண்டுக்காலம் தொழிலாளர் குடும்பங்கள் வருமானமின்றி வாடின. சிலர் தற்கொலை செய்துகொண்டனர். ஆலையைத் திறக்க வேண்டும் என்பார் ஒருபுறமும், மாசு நீங்காமல் திறக்கக் கூடாது என்பார் மறுபுறமும் நின்றனர். இருசாராரும் ஏழைகளே, இருவர் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. 1988-இல் ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. மாசு எதிர்ப்பு இயக்கத்தின் தலைவர் கே. ஏ. ரஹ்மான் 1999 சனவரியில் புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் ஆலையின் உற்பத்தி நின்றது. பெரும்பாவூர் ஆலையும் 2001-இல் மூடப்பட்டது. அதன் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய நிலுவைத் தொகைகளின் சிக்கல் பல ஆண்டுகள் நீடித்தது. பவானியாற்றை மாசுபடுத்தியதாகக் கண்டனத்திற்குள்ளான சிறுமுகை ஆலையும் ஏறத்தாழ அதே காலத்தில் நின்றுபோயிற்று.

ஆலைக்குள்ளும் ஒரு விலை செலுத்தப்பட்டது. கார்பன் டை சல்பைடு ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு நரம்புத் தளர்ச்சி, மனக்கோளாறு, இதய நோய் ஆகியன ஏற்படக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அமெரிக்காவில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் 1938-இல் பென்சில்வேனியா ரேயான் ஆலைகளில் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அதற்குப் பின்னர் நிறுவப்பட்டவையே நம் ஆலைகள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அறியாமையால் நேர்ந்தது என்று நாம் கூற இயலாது.

தறியின் நிலை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே நாகர்கோவில் செல்லும் வழியில் உள்ளது பலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மா மகாராஜாவின் காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டு இங்குக் குடியமர்த்தப்பட்டன. குழித்தறியில் நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் முறையும், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வழக்கமும் இங்கு நெடுங்காலமாகத் தொடர்கின்றன. இவ்வூரின் நுண்ணிய பருத்தித் துணிகளுக்கு 2009-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பலராமபுரம் வேட்டியும் செட்டு முண்டும் பருத்தியே, பட்டு அல்ல. ஆயினும் செயற்கை இழையின் போட்டி இங்கும் இரு வழிகளில் வந்தது. முதலாவது, கசவு. உண்மையான சரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதன் இடத்தில், செயற்கை இழையின்மேல் முலாமிட்ட செப்புக் கம்பியோ பளபளக்கும் பிளாஸ்டிக் தகடோ சுற்றிய போலிச் சரிகை வந்தது. இரண்டாவது, விசைத்தறித் துணி. பல நாள் உழைப்பில் கைத்தறியில் உருவாகும் வடிவத்தை விசைத்தறி சில மணி நேரத்தில் நெய்து, கைத்தறி என்ற பெயரிலேயே சந்தைக்கு அனுப்பிவிடுகிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் 22-ஆக இருந்த அத்தகைய வகைகள் பின்னர் 11-ஆகக் குறைந்தன. சட்டம் இருந்தும் அதனை நடைமுறைப்படுத்துவதே கடினமாக உள்ளது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இத்தொழிலையும் அதன் துணைத் தொழில்களையும் நம்பியுள்ளனர். ஆதலால் இதனை ஒரு சிறு கைவினையின் பிரச்சினையாக மட்டும் கருதுவதற்கில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. வீட்டு அலங்காரத் துணிகளில் கைத்தறி தனக்கென ஓர் இடத்தைக் காக்க முடியும் என்பதற்குக் கண்ணூர் சான்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாசல் மிஷன் அங்குத் தொடங்கிய நெசவுச் சாலைகளின் வழிவந்த தொழில், திரைச்சீலைகளையும் விரிப்புகளையும் மேலை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வளர்ந்தது. கண்ணூர் வீட்டு அலங்காரத் துணிகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் கேரள அரசின் திட்டம் 2017 முதல் பல நெசவாளர்களுக்கு நிலையான வேலை தந்துவருகிறது.

வாங்குவோர் அறிய வேண்டியவை

துணியை இனங்காண எளிய சோதனை ஒன்று உண்டு. துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, எச்சரிக்கையுடன் தீயில் காட்ட வேண்டும். அசல் பட்டு மெல்லக் கருகும். முடி கருகும் நாற்றம் எழும். எஞ்சும் கரித்துளி விரலால் நசுக்கினால் பொடியாகும். ரேயான், காகிதம் போல் விரைந்து எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியபின் நசுக்க முடியாத கடினமான மணியாகும். கலப்பு இழைகளில் இச்சோதனை முழுத் தெளிவு தராது. ஆகவே அசல் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த "சில்க் மார்க்" முத்திரையையும், கைத்தறிக்கு 2006-இல் வந்த "ஹேண்ட்லூம் மார்க்" முத்திரையையும் கேட்டு வாங்குவது நன்று.

செயற்கைப் பட்டை வாங்கக் கூடாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் இழைகளில் மரக்கூழ் இழைகளின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம். அசல் பட்டின் பங்கு ஒரு சதவீதத்திலும் மிகச் சிறிய பின்னம். 2022-23-இல் இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி சுமார் 36 ஆயிரம் டன் மட்டுமே. இத்தனை கோடி மக்களின் விருப்பத்தை அசல் பட்டு ஒருநாளும் நிறைவு செய்ய இயலாது. கேள்வி, செயற்கைப் பட்டு வேண்டுமா வேண்டாமா என்பதன்று; எவ்வாறு செய்யப்பட்டது, எந்தப் பெயரில் விற்கப்பட்டது என்பதே.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, உற்பத்தி முறை மாற வேண்டும். "லயோசெல்" என்னும் புதிய முறையில் கார்பன் டை சல்பைடுக்கு இடமில்லை. மரக்கூழைக் கரைக்கப் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்திற்கும் மேல் மீட்கப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. முதலீடு கூடுதலாகத் தேவைப்படினும், ஆற்றைத் துப்புரவு செய்யும் செலவையும் நோய்க்கு மருத்துவம் செய்யும் செலவையும் கணக்கில் சேர்த்தால் இது மிகையாகத் தோன்றாது.

இரண்டாவதாக, காடு, நீர் ஆகிய பொதுச் சொத்துகளைத் தொழிலுக்கு அளிக்கும்போது அவற்றின் உண்மை மதிப்பைக் கணக்கிட வேண்டும். வேலைவாய்ப்பைக் கருதி அளிக்கப்பட்ட மூங்கிலும் குறைந்தது. வேலையும் நிலைக்கவில்லை என்பது மாவூரின் வரலாறு.

மூன்றாவதாக, ஓர் ஆலை தொடங்கும்போதே அது மூடப்படும் நாளைப் பற்றியும் திட்டமிட வேண்டும். தொழிலாளரின் நிலுவை, மறுபயிற்சி, எஞ்சும் இரசாயனங்களை அகற்றுதல் ஆகியவற்றுக்கான நிதியை ஆலை இலாபம் ஈட்டும் காலத்திலேயே ஒதுக்கி வைத்தல் அவசியம்.

நான்காவதாக, துணியின் மீது அதன் இழை எது என்று மக்கள் மொழியில் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். பாலியெஸ்டர் பாலியெஸ்டராகவும், ரேயான் ரேயானாகவும், பட்டு பட்டாகவும் விற்கப்படுமாயின் ஒவ்வொன்றும் தனக்குரிய விலையையும் இடத்தையும் பெறும். பலராமபுரத்து நெசவாளர் கேட்பது சலுகையன்று. தம் துணியின் பெயரில் வேறு துணி விற்கப்படாமை ஒன்றே.

ஓணத்திற்குச் சாலைக் கடைத்தெருவில் துணி வாங்கும் தாய் ஒருத்தி தன் மகளுக்குப் பளபளப்பான பாவாடை வாங்கிச் செல்வதில் தவறேதும் இல்லை. அவள் கொடுக்கும் பணத்திற்கு எது கிடைக்கிறது என்பதை அவள் அறிந்து வாங்க வேண்டும். அந்தப் பாவாடைக்காக எந்த ஆற்றின் கரையிலும் எவரும் குடிநீரை இழந்திருக்கக் கூடாது. இவ்விரண்டையும் உறுதி செய்வது அரசு, தொழில்துறை, நுகர்வோர் ஆகிய மூவரின் கூட்டுப் பொறுப்பாகும்.